நீங்கள் அழாமல் இருந்த நாள்

ரீச்சர்,

இன்றைக்கு முன்பள்ளி தொடங்கியது. விடிய ஏழு மணிக்கே போய் அலுமாரியைத் திறந்து, பிள்ளைகள் உருட்டி விளையாடும் புதுப் பிளாஸ்ரிசின் களிப் பெட்டி ஒன்றை வெட்டினேன். மணம் வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் புதுமணம் உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்! ஒவ்வொரு வருஷமும் முதல் பெட்டியை நீங்கள்தான் வெட்டவேண்டும். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் இழுப்பீர்கள். "சின்னப்பிள்ளையள் இதைத் தின்னுறதிலை பிழையே இல்லை ரீச்சர்" என்பீர்கள். "தின்னுங்கோவன், ஆர் மறிச்சது?" என்று நான் சொல்லுவேன். இன்றைக்கு மணந்துபார்க்க ஆளில்லை என்று நானே மணந்துபார்த்தேன். எனக்கு அது இப்போதும் மண்ணெண்ணெய் மாதிரித்தான் இருக்கிறது.

செத்துப்போன ஆளுக்கு நான் கடிதம் எழுதுகிறேன் என்று அறிந்தால், இவவுக்கு விசர் முத்திவிட்டது என்பார்கள். சொல்லட்டும். நீங்கள் இருக்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான். எனக்கு வேறு வழியில்லை. உங்களைப் பார்த்து நான் சொன்ன ஒரு வசனத்தைத் திருப்பி எடுக்கவேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

முதல் நாள் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நல்லூரில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. படலையைப் பூட்டியதும் இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். இந்த முறை ஒரு சிங்களப் பிள்ளையும் சேர்ந்திருக்கிறான். தகப்பன் வேலை மாற்றலாகி இங்கே வந்தவர். பிள்ளைக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் அழுகையில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே உருளல், அதே உதை, ஒரு சப்பாத்து யன்னலுக்கு வெளியே. நான் வழக்கம்போலப் பால்மாப் பேணியில் தாளம் தட்டிக்கொண்டு ஆடினேன். ஐம்பது வயதில் ஆடினால் மூச்சு வாங்குகிறது. நீங்கள் இருந்திருந்தால் ஆடியிருக்கமாட்டீர்கள். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, ஒன்றும் கதைக்காமல், உங்கள் சின்னவிரலை அதன் கைக்குள் கொடுத்துவிட்டு இருப்பீர்கள்.

"ஏதாவது கதையுங்கோவன் ரீச்சர், பிள்ளை கத்துது" என்று நான் தொடக்கத்தில் உங்களை ஏசியிருக்கிறேன். "விடுங்கோ, அவன் தன்ரை அழுகையை முடிக்கட்டும்" என்பீர்கள். என்னிடம் ஆட்டம் பார்த்துச் சிரித்த பிள்ளைகள், நித்திரை வந்ததும் உங்கள் மடியைத் தேடிப் போவார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும். உங்களுக்கும் என்மேல் பொறாமை இருந்தது என்று பிறகு சொன்னீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் என்னைப்போல ஆடிக்காட்டுகிறார்களாம், உங்களைப்போல ஒருவரும் செய்துகாட்டுவதில்லையாம். இருவரும் அன்றைக்கு வயிறு நோகச் சிரித்தோம்.

நீங்கள் எங்கள் முன்பள்ளிக்கு வந்தபோது இருவருக்கும் முப்பத்தாறு வயது. தலைமுக்காட்டுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வந்து இறங்கினீர்கள். சோனகதெருவில் பிறந்து, தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் துரத்தியபோது, பதினைந்து வயதில் இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டி வந்தவர். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் இருந்து படித்து, அங்கேயே கல்யாணம் முடித்து, ஒரு மகளைப் பெற்று, இருபது வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை, அறைக்குள் வேப்பமரம் நிற்கிறது. இந்தக் கதையைப் பிள்ளைகள் படுத்த பிறகு, பென்சில் சீவிக்கொண்டு துண்டு துண்டாகச் சொல்லுவீர்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் கணிதப் புத்தகம் என்பதைச் சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வரும். "எனக்குக் கணக்கு ஓடவே ஓடாது ரீச்சர். ஏன் அதை எடுத்தனோ தெரியேல்லை."

அந்தக் கிழமை நான் மருதனார்மடத்தில் எங்கள் வீட்டில் இருந்து சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் போன கதை மூன்று நாள் கழித்துத்தான் எங்கள் காதுக்கு வந்தது. அப்பா "பாவம்" என்றார். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. நானும் புத்தகத்துக்குள் தலையை விட்டேன். இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் "நாங்கள் சின்னப்பிள்ளையள்தானே" என்றீர்கள்.

உங்களைப் போகச் சொன்னவர்கள் தமிழர்கள். படலையில் வைத்து உங்கள் வாப்பாவின் சைக்கிளைப் பறித்தவர்களும் தமிழர்கள். ஆனால் அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள், ஒருதரமாவது "உங்கடை ஆக்கள்" என்று சொன்னதில்லை. "அவையள் வந்தவை", "அவையள் சொல்லிச்சினம்" என்றுதான் சொல்லுவீர்கள். அந்த அவையள் ஆர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்ல உரிமை இருந்தது. சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமுடியாது.

மற்றபடி நாங்கள் இருவரும் என்ன பெரிய ஒற்றுமை நாடகமா போட்டோம்? இல்லை. முதல் பதினொரு வருஷமும் சண்டைதான். மின்விசிறி வேண்டும், வேண்டாம். கதவு திறந்திருக்கவேண்டும், பூட்டவேண்டும். நீங்கள் வெட்டும் காகிதப் பூ கோணல் என்று நான். நான் எழுதும் 'ஈ'யைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று நீங்கள். என் விரதநாள் எனக்கே மறந்துபோகும், உங்களுக்கு மறக்காது. "இண்டைக்குக் கார்த்திகை விரதம் ரீச்சர், என்ரை சாப்பாட்டுக்குள்ளை கையை விடாதையுங்கோ, மீன் கிடக்கு" என்று பெட்டியை இழுத்துக்கொள்வீர்கள். உங்கள் நோன்புக் காலத்தில் நான் பின்னறைக்குப் போய் ஒளித்திருந்து சாப்பிடுவேன். நீங்கள் வேண்டுமென்றே வந்து கதவைத் திறந்து, "என்ன களவெடுக்கிறியளோ?" என்பீர்கள். எனக்குப் புரைக்கேறும்.

என் தம்பியை உங்களுக்குப் பிடிக்கும். கல்யாணம் செய்யாமல் என்னோடேயே இருந்து, தோட்டத்தில் வெங்காயமும் கத்தரியும் வைத்துக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு நாளும் தன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுவந்து இறக்குவான். நீங்கள் திரும்பி வந்த புதிதில் உங்கள் வீட்டுக் கூரைக்குத் தகரம் ஏற்றியவனும் அவன்தான். கேட்காமலே மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றான். அவன் தகரத்தின் மேல் இருந்தபடி உங்கள் கணவரோடு கிரிக்கெட் கதைத்ததை நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். வேலை பாதி, கதை பாதியாம். அவனைப் பார்த்தால், "தம்பி, எப்ப எங்களுக்குக் கல்யாணச் சோறு?" என்று தொடங்கிவிடுவீர்கள். அவன் வெட்கப்பட்டு மோட்டார் சைக்கிளை உதைக்க, அது ஸ்டார்ட் ஆகாது.

உங்கள் கணவர் மாரடைப்பில் போன செய்தி எனக்கு ஒரு காலை பிள்ளைகளுக்கு விசுக்கோத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அப்படியே வெளிக்கிட்டு ஓட்டோ பிடித்து வந்தேன். வழியில் கஸ்தூரியார் வீதியில் நிறுத்தி ஒரு மாலை வாங்கினேன். உங்கள் சனத்தில் மாலை போடுவதில்லை என்று அப்போது நினைவு வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் தொடங்கினேன். எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் பெண்கள் அப்படித்தான். இழவு கண்ட பெண்ணைக் கட்டிப்பிடித்து, செத்தவரைப் பற்றி ஒரு சொல் சொல்லி, வாய்விட்டு அழவேண்டும். அழாவிட்டால் வந்ததாகவே யாரும் நினைக்கமாட்டார்கள். நான் உங்களைக் கட்டிப்பிடித்து, "என்ரை ராசாத்தி, உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே! வீட்டைக் கட்டி முடிச்சிட்டு வாசலிலை குந்தியிருக்கக் குடுத்துவைக்கேல்லையே!" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

வீடு அமைதியாக இருந்தது. பெண்கள் பாயில் இருந்து குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உங்கள் மாமியார், பிள்ளையைப் பறிகொடுத்த அந்த மனுசி, எழும்பி வந்து என் தோளில் கைவைத்து, "சத்தம் வேணாம் பிள்ளை" என்றா. ஏன் என்று அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கையில் மாலையோடு மூலையில் போய் இருந்தேன். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. அழவும் விடமாட்டார்களா, இது என்ன சனம் என்று நினைத்தேன். நான் திருப்பி எடுக்கவேண்டிய அந்தச் சொல் அன்றைக்கே என் மண்டைக்குள் குடிவந்துவிட்டது என்று இப்போது விளங்குகிறது.

பிறகு நீங்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தீர்கள். நான் சனிக்கிழமைகளில் வந்தேன். தம்பி கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து, உள்ளே வராமல், படலையில் பையைக் கொழுவி மணியடித்துவிட்டுப் போய்விடுவான். "தம்பி வந்திட்டான் போலை, படலையிலை கத்தரிக்காய் தொங்குது" என்பீர்கள். அப்படி ஒரு சனிக்கிழமைதான் நீங்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அண்டைக்கு நீங்கள் கட்டிப்பிடிச்சு அழேக்கைதான் எனக்கு மூச்சு வந்தது ரீச்சர். அதுவரைக்கும் நெஞ்சு அடைச்சுப்போய் இருந்தனான்" என்றீர்கள். எனக்குப் பெரிய ஆறுதல். மாலை கொண்டுவந்ததைப் பற்றி நானே பகிடி விட்டேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இரண்டு வருஷம் போனது. ஒரு மாரியில் தம்பிக்கு டெங்கு வந்தது. திங்கட்கிழமை காய்ச்சல், சனிக்கிழமை ஆள் இல்லை. நாற்பத்தொரு வயது.

எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பறை அடித்துக்கொண்டிருந்தது. நான் என் நிலையில் இல்லை. வந்த பெண்கள் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து அழுது அழுது தொண்டை கிழிந்துபோயிருந்தது. பகல் பதினொரு மணிபோல நீங்கள் வந்தீர்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி பெட்டியின் கால்மாட்டில் நின்று அவன் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு வந்து என் பக்கத்தில் இருந்தீர்கள். நான் உங்கள்மேல் விழுந்து, "உங்கடை தம்பியைப் பாருங்கோ ரீச்சர், கல்யாணச் சோறு கேட்டியளே!" என்று கத்தினேன். நீங்கள் என் முதுகில் கையை வைத்தீர்கள். அவ்வளவுதான். வாய் மட்டும் மெல்ல அசைந்தது. சத்தம் இல்லை. கண்ணில் தண்ணீர் இல்லை.

மற்றப் பக்கத்தில் இருந்த என் மச்சாள் என் காதுக்குள், "உவவைப் பார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறா" என்றாள். மச்சாள் சொன்னது பிழை என்று தள்ளிவிடலாம். ஆனால் அதைக் கேட்டு நம்பியவள் நான். பதினொரு வருஷம் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட நான். திரும்பி உங்களைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, சொன்னேன்:

"அழ ஏலாட்டி ஏன் வந்தனீங்கள்? உங்கடை ஆக்களுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"

நீங்கள் என் முதுகில் இருந்த கையை எடுத்து உங்கள் மடியில் வைத்தீர்கள். எழும்பிப் போவீர்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பெட்டி எடுக்கும்வரை, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், அந்த இடத்திலேயே இருந்தீர்கள். ஒருவரும் உங்களோடு கதைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்களோ என்றும் தெரியாது. பிறகு எங்கள் வழக்கப்படி, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு நீங்கள் வரவில்லை. முப்பத்தொராம் நாளுக்கும் வரவில்லை. அதையும் உங்கள் பக்கத்துக் குற்றமாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். என் புத்தியைப் பாருங்கள்.

கீரிமலையில் காரியம் முடித்து நான் திரும்ப வேலைக்கு வந்த அன்று, "வாங்கோ ரீச்சர்" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். எல்லாம் பழையபடிதான் நடந்தது. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தோம், காகிதப் பூ வெட்டினோம். ஆனால் நீங்கள் என்னோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டீர்கள். மின்விசிறியைப் போட்டால் போடட்டும், நிறுத்தினால் நிறுத்தட்டும். அந்த வருஷ நோன்பில் நான் பின்னறையில் இருந்து தனியச் சாப்பிட்டேன். ஒருவரும் வந்து கதவைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் மன்னிப்புக் கேட்போம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். பிறகு, நான் ஏன் கேட்கவேண்டும், தம்பியைப் பறிகொடுத்தவள் நானல்லவா என்று வீம்பு வரும். இப்படியே ஒரு வருஷம்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீர்கள். நான் வீட்டுக்கு வந்தபோது சாய்ந்து படுத்திருந்தீர்கள். அரைவாசி ஆளாகிவிட்டீர்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே வசனம் அமைத்துக்கொண்டு வந்தேன். "ரீச்சர், அண்டைக்கு எங்கடை வீட்டிலை நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"எண்டைக்கு?" என்றீர்கள். உடனேயே, "அதை விடுங்கோ, அந்தச் சப்பாத்துப் போடமாட்டன் எண்டு நிண்ட பொடியன் இப்ப போடுறானோ?" என்று கேட்டீர்கள்.

உங்களுக்கு மறந்துபோயிற்று என்று நம்பினேன். இல்லை, நம்ப விரும்பினேன். "ஓம், போடுறான், ஆனா இடம் வலம் மாத்தி" என்று சொல்லி, உங்கள் மகள் கொண்டுவந்த விசுக்கோத்தைத் தின்றுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது நெஞ்சு லேசாகக்கூட இருந்தது. கோழைக்கு அவ்வளவு போதும்.

போன ஆவணியில் நீங்கள் போனீர்கள். இந்த முறை நான் மாலை வாங்கவில்லை. வந்து, சுவரோரம் இருந்து, சேலைத் தலைப்பைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். அந்த வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று தெரியும், மரியாதைக்காக அடக்கினேன். எனக்குள் ஒப்பாரி சொல் சொல்லாக வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கத்தி அழுவது என்று முடிவெடுத்துத்தான் பொறுத்திருந்தேன். ஆண்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்கள். படலை தாண்டும்வரை பார்த்தேன்.

பிறகு குசினியில் உங்கள் மகளுக்குக் கோப்பை கழுவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பிள்ளை கம்பஸில் இரண்டாம் வருஷம். முகம் வீங்கிப்போயிருந்தது. அழுது முடித்த பிள்ளையோடு என்ன கதைப்பது என்று தெரியாமல், "கொம்மா என்னோடை கோபமாத்தான் போயிருப்பா" என்று சொன்னேன். வாய் தவறி வந்த சொல்தான்.

அவள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். "உம்மாவோ? உங்களோடையோ? உங்கடை தம்பிக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துஆ கேட்டவ, பெரியம்மா."

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்கு அவ ஒரு சொட்டும் அழேல்லை?"

"சத்தம் போட்டு அழுதா மையத்துக்கு, போன ஆளுக்கு, வேதனை எண்டு எங்கடை மூத்தாக்கள் சொல்லுறவை. உம்மா அதைச் சரியா நம்பிறவ. கண்ணீர் வரலாம், சத்தம்தான் கூடாது. ஆனா தனக்கு ஒரு சொட்டு வந்தா நிக்காது, கத்திப்போடுவன் எண்டு தெரியும் எண்டவ. தகரம் ஏத்தித் தந்த பிள்ளைக்கு என்னாலை நோகக்கூடாது எண்டுதான் பல்லைக் கடிச்சுக்கொண்டிருந்தவவாம். அண்டைக்கு வீட்டை வந்து விடியுமட்டும் அழுதவ. தலையணையை வாயிலை வைச்சுக்கொண்டு."

"இதை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை!"

"நானும் கேட்டனான். உம்மா சொன்னவ, நான் ஏன் அழேல்லை எண்டு அவவுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டா, அவ உன்ரை வாப்பாவுக்கு அழுதது அவரை நோகப்பண்ணினது எண்டு சொன்ன மாதிரிப் போயிடும். தம்பியும் போய், அதையும் அவ ஏன் சுமக்கோணும் எண்டு."

நான் கோப்பை கழுவும் இடத்தில் அப்படியே இருந்துவிட்டேன். "மூச்சு வந்தது" என்று நீங்கள் சொன்ன சனிக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றது. என் கத்தல் உங்கள் கணவருக்கு வேதனை என்று நம்பிக்கொண்டே, அதனால் உங்களுக்கு மூச்சு வந்தது என்பதையும் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும். பொய் சொல்ல உங்களுக்கு வராது. உங்கள் கணவருக்கு நான் என் வீட்டு ஆளுக்கு அழுவதுபோல அழுதேன். என் தம்பிக்கு நீங்கள் உங்கள் வீட்டு ஆளுக்குப் பொறுப்பதுபோலப் பொறுத்தீர்கள். எனக்கு அழுகை பெரிதாகப்பட்டது, உங்கள் பொறுமை கல்லாகப்பட்டது. உங்களுக்கு மட்டும் இரண்டுமே விளங்கியிருந்தது.

அந்த வசனத்தைத் திருப்பி எடுக்கிறேன் ரீச்சர். அழ ஏலாட்டி ஏன் வந்தனீங்கள் என்றதையும், உங்கடை ஆக்கள் என்றதையும். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன், எல்லோரிடமும் போய் அது பிழை என்று சொல்லியும் இருக்கிறேன். மச்சாளிடம் முதலில் சொன்னேன். அவள் "எனக்கு எப்பிடியடி தெரியும்?" என்று அழத்தொடங்கினாள். மற்றவர்களுக்கு அந்த நாளே நினைவில்லை. எனக்கு நினைவு இருக்கிறது, அதுபோதும். என்னை மன்னியுங்கோ.

உங்களைத் தூக்கிக்கொண்டுபோன அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து வந்து கதவைப் பூட்டினேன். பூட்டிவிட்டு நின்றேன். அழமுடியவில்லை. அழுகை வராமல் இல்லை, முட்டிக்கொண்டு நிற்கிறது. வாய் திறந்தால் சத்தம் வரும், எனக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது அப்படி.

ஐந்து மாதமாகிறது. ஒப்பாரி முழுக்க எனக்குள் ஆயத்தமாக இருக்கிறது. சந்தைக்குப் போனால் ஒரு அடி வரும், குளிக்கும்போது இன்னொரு அடி வரும். அதில் உங்கள் வேப்பமரம் இருக்கிறது, கணிதப் புத்தகம் இருக்கிறது. தம்பியும் வருகிறான். என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல ஒப்பாரி எனக்கு வந்ததில்லை. பெத்த தாய்க்குக்கூட வரவில்லை. தொண்டைவரை வந்ததும் விழுங்கிவிடுகிறேன். என் சமயத்தில் இப்படி ஒன்றும் இல்லை ரீச்சர். சத்தம் போட்டால் போன உயிருக்கு நோகுமா, நோகாதா, எனக்குத் தெரியாது. நீங்கள் நம்பினீர்கள். உங்களை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். என்ரை வாயை உங்களுக்குத் தெரியும்தானே.